பிள்ளையையும் கதைக்க விடுங்கள்

போன கிழமை கோப்பாய்ப் பக்கமிருந்து ஒரு தாய் தன் ஒன்றேகால் வயது மகனைக் கூட்டிக்கொண்டு வந்தார். அப்பம்மாவும் கூட வந்திருந்தார். பிள்ளை இன்னும் ஒரு சொல்லும் சொல்லவில்லை. "இவன்ர தேப்பனும் மூண்டு வயசிலதான் கதைச்சவன், பிள்ளை. இவள்தான் சும்மா பயப்பிடுறாள்" என்றார் அப்பம்மா. பேச்சு சிகிச்சையாளராக வேலை செய்யும் எனக்கு மிகவும் பழகிப்போன வார்த்தைகள் இவை. ஆனால் குடும்பத்தில் ஒருவர் பிந்திக் கதைத்திருந்தால் அது ஆறுதல் இல்லை. பிள்ளையை இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டும் என்பதற்குத்தான் அது காரணம்.

இடையில் பிள்ளைக்குச் சாப்பாட்டு நேரம் வந்தது. தாய் புட்டையும் வாழைப்பழத்தையும் பிசைந்தார். போனில் பாட்டு ஓடியது. பிள்ளையின் வாய் தானாகத் திறந்தது. அந்த நேரம் ஜன்னலில் ஒரு காகம் வந்து கத்த, பிள்ளை திரும்பி விரலை நீட்டி "ஆ" என்றான். தாய் அடுத்த வாயைத் தீத்தினார். நீட்டிய விரல் கீழே இறங்கிவிட்டது.

அந்த "ஆ"வை அவன் சும்மா சொல்லவில்லை. அம்மாவும் அதைப் பார்க்க வேண்டும் என்றுதான் காட்டினான். "ஓம், காகம்! காகம் வந்திருக்கு" என்று அந்த நேரமே சொன்னால், தான் பார்த்துக்கொண்டிருப்பதன் பெயர் அது என்று பிள்ளைக்குப் பிடிபடும். நாங்கள் படத்தைக் காட்டி "சொல்லு, சொல்லு" என்று கேட்பதைவிட, பிள்ளை காட்டுவதற்குப் பெயர் சொல்வது எவ்வளவோ நல்லது.

இரண்டு மூன்று மாதக் குழந்தையோடும் இப்படிக் கதைக்கலாம். தோய வார்த்துத் துடைத்து மடியில் கிடத்தியதும் முகத்தைப் பார்த்து "என்ர குஞ்சு குளிச்சிட்டுதோ?" என்று கேளுங்கள். கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள். மனதுக்குள் ஐந்து வரை எண்ணுங்கள். காலை உதைக்கும், வாயைக் குவிக்கும், "ங்கூ" என்னும். அதுதான் மறுமொழி. அதற்கு நீங்கள் ஒரு மறுமொழி சொல்லுங்கள். பல பேர் நிறையக் கதைக்கிறார்கள், ஆனால் பொறுப்பதில்லை.

போன் பொறுக்காது. 2003இல் அமெரிக்காவில் குழந்தைகள் மொழி கற்பதை ஆராயும் பட்ரீசியா கூல் குழுவினர் ஒன்பது மாதக் குழந்தைகளோடு சீன மொழி பேசுபவர்களை நேரில் விளையாட விட்டார்கள். 12 தடவைகளில் குழந்தைகள் அந்த மொழியின் ஒலி வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டன. அதே ஆட்களைத் திரையில் பார்த்த குழந்தைகளுக்கு அது பிடிபடவில்லை. இரண்டு வயது வரைக்கும் திரை வேண்டாம் என்றுதான் உலக சுகாதார நிறுவனமும் 2019இல் சொன்னது. கனடாவில் இருக்கும் அப்பாவோடு வீடியோ கோல் எடுப்பது வேறு. அங்கே பிள்ளை "ஆ" என்றால் மறுமொழி வரும்.

இன்னொன்று, உங்களுக்கு வடிவாக வருகிற மொழியில் கதையுங்கள். அரைகுறை ஆங்கிலத்தில் நாலு சொல் சொல்வதைவிட, தமிழில் வாய் நிறையக் கதைப்பது பிள்ளைக்கு நல்லது.

சரி, எப்போது காட்ட வேண்டும்? பத்து மாதமாகியும் "பாபா", "மாமா" போன்ற அடுக்கு ஒலிகள் வராவிட்டால், பெயர் சொல்லிக் கூப்பிட்டும் திரும்பாவிட்டால், ஒன்றரை வயதில் மூன்று சொல்லாவது இல்லாவிட்டால், இரண்டு வயதில் "அம்மா வா" என்று இரண்டு சொல்லைச் சேர்க்காவிட்டால் குடும்பநல உத்தியோகத்தரிடமோ கிளினிக்கிலோ சொல்லுங்கள். வந்த சொல் நின்றுபோனால் ஒரு நாளும் பொறுக்க வேண்டாம். முதலில் காதைப் பரிசோதிக்க வேண்டும். காது கேளாமல் பிறந்த குழந்தையும் முதல் மாதங்களில் குரல் எழுப்பும். அதனால் "சத்தம் போடுதுதானே" என்று இருந்துவிட முடியாது.

அந்தப் பிள்ளைக்கும் காதுப் பரிசோதனைக்குத் திகதி எடுத்துக் கொடுத்தேன். அப்பம்மாவுக்கு ஒரு வேலை சொன்னேன். பின்னேரம் கோழிக்குத் தீன் போடும்போது அவனையும் இடுப்பில் வைத்துக்கொண்டு, அவன் விரல் போகிற பக்கம் பார்த்துப் பெயர் சொல்ல வேண்டும். சொல்லிவிட்டுப் பொறுக்க வேண்டும்.

"இதைத்தானே பிள்ளை நாங்கள் அந்தக் காலத்தில செய்தனாங்கள்" என்றார்.