எர்த் பின்னை வெட்டாதீர்கள்: கூடாரக் கூட்ட சீசனுக்கு முன்னால்

பொங்கல் கழிந்ததும் தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் எங்களுக்கு வேலை கூடும். கேழ்வரகு அறுத்து முடித்த காடுகளிலும், பள்ளி மைதானங்களிலும், தண்ணீர் வற்றிய ஏரி ஓரங்களிலும் சபைகள் கூடாரம் போட ஆரம்பிக்கும். நற்செய்திக் கூட்டம், எழுப்புதல் கூட்டம், உபவாசக் கூட்டம் என்று பெயர் மாறினாலும் பெரும்பாலும் மூன்று நாள். இந்த வாரம் பாலக்கோடு, அடுத்த வாரம் ஊத்தங்கரை, அதற்கடுத்து அஞ்செட்டி. மே கடைசி வரை ஒரே சாமான்தான் ஊர் ஊராகப் போகும். மின் இணைப்பு, விளக்கு, மைக்செட் மூன்றையும் பார்க்கும் எலக்ட்ரீஷியன் நான். கூட்டம் நடத்தும் பாஸ்டர்களும், தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிகளும் சீசனுக்கு முன்னால் ஒருமுறை படிக்கட்டும் என்று இதை எழுதுகிறேன்.

கல்யாண மண்டபத்து வயரிங் ஒருமுறை செய்தால் அசையாமல் கிடக்கும். கூடாரச் சாமான் அப்படியில்லை. ஓடும்போது தேய்வதைவிட, கட்டும்போதும் அவிழ்க்கும்போதும் வண்டியில் குலுங்கும்போதும்தான் அது அதிகம் தேய்கிறது. ஸ்பீக்கர் கிழிந்தால் சத்தத்திலேயே தெரிந்துவிடும், உடனே மாற்றிவிடுவோம். பிளக்குக்குள்ளே, கசியும் கரண்டை மண்ணுக்கு இறக்கும் எர்த் வயர் அறுந்தால் ஒன்றுமே தெரியாது. விளக்கு எரியும், பாட்டு கேட்கும், கூட்டம் அருமையாக நடக்கும். யாராவது ஷாக் அடித்து விழும்போதுதான் தெரியவரும். அதனால் சீசனுக்குத் தயாராவது என்றால் புது சவுண்ட் மிக்சர் வாங்குவது இல்லை. நன்றாக ஓடுகிற சாமானைச் சந்தேகப்பட்டுப் பார்ப்பதுதான் தயாரிப்பு.

முதலில் கேபிள். மழைக்காலம் முழுக்கக் குடோனில் கிடந்த கேபிளை எலி விட்டுவைக்காது. எல்லாச் சுருளையும் வெயிலில் பிரித்துப் போட்டு, இணைப்பு எதுவும் இல்லாத நிலையில், பழைய பருத்தித் துணியைக் கையில் பிடித்து அதன் வழியாக கேபிளை முழு நீளத்துக்கும் இழுங்கள். கண்ணுக்குத் தப்பும் வெட்டு துணியில் மாட்டும். அப்புறம் 500 வோல்ட் மெக்கர் (இன்சுலேஷனைச் சோதிக்கும் மீட்டர்) வைத்துப் பாருங்கள். ஒரு மெகா ஓமுக்குக் கீழே காட்டினால் அது இந்த சீசனுக்கு இல்லை. நடுவில் முறுக்கி இன்சுலேஷன் டேப் சுற்றிய ஜாயின்ட் இருந்தால் வெட்டி எறிந்துவிட்டு, இரண்டு துண்டாகவே வைத்து, இண்டஸ்ட்ரியல் பிளக் சாக்கெட் போடுங்கள். ஈரப் புல்லில் கிடக்கும் டேப் ஜாயின்ட்டை நம்பி அதன் மேல் ஐந்நூறு பேரை நடக்கவிட முடியாது. இன்னொன்று, டிரம்மில் சுற்றிய கேபிளை வேண்டிய அளவு மட்டும் இழுத்துவிட்டு மீதியைச் சுருளாகவே விடும் பழக்கம். சுருளுக்குள் சூடு வெளியேற வழி இல்லை. லோடு ஏறினால் உள் சுற்று உருகி ஒட்டிக்கொள்ளும்.

இப்போது தலைப்புக்கு வருகிறேன். கீபோர்டு, பேஸ் கிதார், மிக்சர் மூன்றும் வெவ்வேறு இடத்திலிருந்து கரண்ட் எடுத்தால் ஸ்பீக்கரில் ‘ம்ம்ம்’ என்று ஒரு இரைச்சல் வரும். சாமான்கள் வெவ்வேறு எர்த் வழியாக இணைந்து ஒரு வளையம் உண்டாவதால் வருவது அது. இதற்கு நம் ஊரில் ஒரு கைவைத்தியம் உண்டு: பிளக்கில் இருக்கும் பெரிய பின்னை, அதாவது எர்த் பின்னை, வெட்டிவிடுவது, அல்லது மூன்று பின் பிளக்கை இரண்டு பின் அடாப்டரில் செருகுவது. இரைச்சல் போய்விடும், உண்மைதான். ஆனால் அந்த நிமிடம் முதல் அந்தச் சாமானில் கசிவு வந்தால் அது இறங்க வேறு வழி இல்லை. கிதாரைத் தொட்டுக்கொண்டிருக்கும் தம்பி வாயை மைக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோகிறான். மைக் மிக்சர் வழியாக எர்த்தில் இருக்கிறது. நடுவில் அவன் உடம்பு.

“அண்ணா, மைக் உதட்டுல சுர்ருங்குது” என்று பாடகர் சொன்னால், சிரித்துவிட்டு மைக்குக்கு ஸ்பாஞ்ச் மாட்டிவிடும் ஆபரேட்டர்களைப் பார்த்திருக்கிறேன். அது எச்சரிக்கை. உடனே மேடை மெயினை அணைத்துக் காரணம் தேட வேண்டும். 1972 மே 3ஆம் தேதி பிரிட்டனில் ஸ்வான்சி நகரில் லெஸ்லி ஹார்வி என்ற கிதார் கலைஞர், எர்த் சரியில்லாத மைக்கைத் தொட்டதும் மேடையிலேயே இறந்தார். ஐம்பது வருடம் தாண்டியும் நாம் பின்னை வெட்டிக்கொண்டுதான் இருக்கிறோம். இரைச்சலுக்கு முறையான வைத்தியம்: மேடைச் சாமான் எல்லாவற்றுக்கும் ஒரே போர்டிலிருந்து கரண்ட். அதற்கும் அடங்காவிட்டால் டிஐ பாக்ஸ் (கீபோர்டு, கிதார் சிக்னலை மிக்சருக்கு அனுப்பும் சின்னப் பெட்டி) வாங்கி, அதில் இருக்கும் கிரவுண்ட் லிஃப்ட் பட்டனைப் பயன்படுத்துங்கள். அது சிக்னல் வயரின் எர்த்தைத்தான் பிரிக்கும், கரண்டின் எர்த்தைத் தொடாது.

எர்த் என்று சொன்னால் போதாது, நம் மண்ணையும் பார்க்க வேண்டும். கிருஷ்ணகிரி, பர்கூர் பக்கம் பல இடங்களில் எர்த்துக்காக மண்ணில் இறக்கும் இரும்பு ராடை அடித்தால் மூன்றடியில் பாறை. சரளை மண், கோடையில் காய்ந்து கிடக்கும். அப்படிப்பட்ட இடத்தில் ஒரு ராடுக்கு 100 ஓம் தடை வருவது ஆச்சரியம் இல்லை. கணக்குப் போடுங்கள்: 230 வோல்ட், 100 ஓம், வெறும் 2.3 ஆம்பியர். லோடு மீறினால் தானாக அணையும் 16 ஆம்பியர் எம்சிபி ஸ்விட்ச் அதற்கெல்லாம் விழாது. இரும்பு மேடை முழுக்க ஃபேஸ் கரண்ட் ஏறி நிற்கும், போர்டில் எல்லாம் சரியாக இருப்பது போலவே இருக்கும். அதனால்தான் கசிவைக் கண்டு அணைக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி ஸ்விட்ச் இல்லாமல் நான் மேடைக்குக் கரண்ட் கொடுப்பதில்லை. போன கரண்டும் திரும்பி வந்த கரண்டும் அந்த அளவுக்கு வித்தியாசப்பட்டாலே அது விழுந்துவிடும். ராடு இரண்டு மூன்றாக, தள்ளித்தள்ளி அடித்து ஒன்றாக இணைத்து, காலை மாலை தண்ணீர் ஊற்றுங்கள். போர்வெல் குழாயடியோ வாய்க்கால் ஓரமோ ஈரமான இடம் கிடைத்தால் இன்னும் நல்லது.

“ஆர்சிசிபி போட்டால் அடிக்கடி ட்ரிப் ஆகுது, ஜெபம் நடக்கும்போது இருட்டாகுது” என்பார்கள். மொத்தக் கூடாரத்துக்கும் ஒன்றே ஒன்று போட்டால் அப்படித்தான் ஆகும். ஒவ்வொரு எல்இடி விளக்கும் கொஞ்சம் கொஞ்சம் கசியும், எல்லாம் சேர்ந்து எல்லையைத் தொடும். மேடைக்கு ஒன்று, கூடார விளக்குக்கு இரண்டு மூன்று, டீ போடும் இடத்துக்கு ஒன்று எனப் பிரித்துவிட்டால் இந்தத் தொல்லை பெரும்பாலும் போய்விடும். பைபாஸ் மட்டும் செய்யாதீர்கள். ஒவ்வொரு ஊரிலும் கட்டியதும் டெஸ்ட் பட்டனை அழுத்திப் பாருங்கள். ஆனால் அந்தப் பட்டன் ஆர்சிசிபி வேலை செய்கிறதா என்று மட்டும்தான் சொல்லும். எர்த்தே இல்லாத இடத்திலும் அழுத்தினால் அது விழும். எர்த்தைத் தனியாகத்தான் சோதிக்க வேண்டும்.

ஜெனரேட்டருக்கும் இதே கதை. அதன் நியூட்ரலை (கரண்ட் திரும்பி வரும் முனை) பாடியோடும் எர்த் ராடோடும் இணைக்காமல் விட்டால், கசியும் கரண்ட் திரும்பிப் போக வழியில்லை, ஆர்சிசிபிக்கு வித்தியாசமே தெரியாது. வாடகைக்கு வரும் ஜெனரேட்டரில் இதை யாரும் பார்ப்பதில்லை. அதைவிட அதிகமாகச் சாமானைக் கொல்வது லூஸ் நியூட்ரல். மூன்று ஃபேஸ் இணைப்பில் நியூட்ரல் மட்டும் கழன்றால், லோடு குறைவாக இருக்கும் ஃபேஸில் வோல்டேஜ் 230லிருந்து 400 வரைக்கும் ஏறும். மிக்சர், கீபோர்டு, எல்இடி எல்லாம் ஒரே நொடியில் புகையும். வண்டியில் குலுங்கி வந்த போர்டில் நியூட்ரல் லிங்க் ஸ்க்ரூவை ஒவ்வொரு ஊரிலும் முறுக்கிப் பார்த்த பிறகே ஆன் செய்ய வேண்டும். லோடையும் கணக்குப் போடுங்கள். 12 கிலோவாட் தேவைப்படும் கூட்டத்துக்கு 15 கேவிஏ ஜெனரேட்டர் கழுத்து வரை நிரம்பிவிடும். 25 கேவிஏ எடுத்தால் மூச்சு விடும். லைன் கரண்டா ஜெனரேட்டரா என்று மாற்றும் சேஞ்ச் ஓவர் ஸ்விட்ச் கட்டாயம், அதுவும் மூன்று ஃபேஸோடு நியூட்ரலையும் சேர்த்து மாற்றும் ‘ஃபோர் போல்’ வகை. அது இல்லாமல் ஜெனரேட்டரை ஓட்டினால் கரண்ட் பின்வழியாக லைனுக்கு ஏறி, எங்கோ கம்பத்தில் வேலை செய்யும் லைன்மேனைக் கொல்லும். லைனில் கொக்கி போட்டுக் கரண்ட் எடுப்பதைப் பற்றித் தனியாகச் சொல்ல ஒன்றுமில்லை. 2003 மின்சாரச் சட்டத்தின் 135ஆம் பிரிவில் அது திருட்டு. தற்காலிக இணைப்புக்கு முன்கூட்டியே விண்ணப்பியுங்கள்.

ஞானஸ்நான ஆராதனை வைக்கும் சபைகளுக்கு ஒரு வார்த்தை. தார்ப்பாய்த் தொட்டியோ சிமெண்ட் தொட்டியோ, தண்ணீரில் நிற்பவர் கையில் வயர் மைக் கொடுக்கக் கூடாது. 2005 அக்டோபர் 30 அன்று அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலம் வேகோ நகரில் ஒரு போதகர், ஞானஸ்நானத் தொட்டிக்குள் நின்றபடி மைக்கைத் தொட்டதும் சபையார் கண்முன்னே இறந்தார். பேட்டரி கார்ட்லெஸ் மைக்கைக் கரையில் நிற்பவர் பிடிக்கட்டும். தொட்டிக்குக் கைக்கெட்டும் தூரத்தில் 230 வோல்ட் எதுவுமே வேண்டாம், ஃபேன் உட்பட.

இனி காற்று. சித்திரை, வைகாசியில் சாயங்காலம் நாலு மணிக்கு மேல் மேகம் திரண்டு வரும் கோடைமழைக் காற்று நமக்குத் தெரிந்ததுதான். மாங்காயை உதிர்க்கும் காற்று கூடாரத்தை விடாது. கூட்டம் ஆரம்பிப்பதும் அந்த நேரத்தில்தான். மணிக்கு 60 கிலோமீட்டர் காற்று ஒரு சதுர மீட்டரில் சுமார் 17 கிலோ எடைக்குச் சமமாக அழுத்தும். முப்பதுக்கு அறுபது அடிக் கூடாரத்தின் கூரை சுமார் 167 சதுர மீட்டர். மொத்த அழுத்தமும் நேராக விழாது என்றாலும், முழுக் கணக்கு 2.8 டன் வருகிறது. அதைப் பிடித்து வைத்திருப்பது முளைக்குச்சியும் இழுகயிறும்தான். ஒரு பக்கம் மட்டும் படுதாவைத் திறந்துவைத்தால் காற்று உள்ளே புகுந்து கூடாரத்தைக் குடை போலத் தூக்கும். ஏரி மண்ணில் முளை எளிதாக இறங்கும், அதே எளிமையோடு உருவிக்கொண்டும் வரும். பாறை மண்ணில் முளை இறங்காது. அங்கே மண் மூட்டை, தண்ணீர் நிரப்பிய டிரம், அல்லது வண்டியின் சேஸிஸில் கட்ட வேண்டும். வெயிலில் வெளுத்த நைலான் கயிறு பார்க்க முழுசாக இருக்கும், பிரித்துப் பார்த்தால் இழை பொடியாக உதிரும். சீசனுக்கு ஒருமுறை கயிறு மாற்றும் செலவு பெரிசு இல்லை.

2019 ஜூன் 23 அன்று ராஜஸ்தானில் பார்மர் மாவட்டம் ஜசோலில் ராமகதைச் சொற்பொழிவுப் பந்தல் காற்றில் சரிந்து குறைந்தது 14 பேர் இறந்தார்கள். சரிந்த பந்தலில் கரண்டும் இருந்தது. இங்கே நான் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: மைக்கை நிறுத்தும் அதிகாரம் யாரிடம்? பிரசங்கம் உச்சத்தில் இருக்கும்போது மேடையில் நிற்பவருக்கு மேகம் தெரியாது. “காற்று வருது ஐயா, நிறுத்திடலாம்” என்று சொன்னால் மறுபேச்சு இல்லாமல் நிறுத்த வேண்டிய ஆள் யார் என்பதை முதல் நாளே கமிட்டியில் முடிவு செய்யுங்கள். என்னைக் கேட்டால் மிக்சரில் இருப்பவரிடம் கொடுத்துவிடலாம், அவருக்கு வானமும் தெரியும், ஸ்விட்சும் பக்கத்தில். இடி கேட்க ஆரம்பித்தால் ஜனங்களைப் பள்ளிக் கட்டடத்துக்கோ வண்டிகளுக்கோ அனுப்பிவிடுங்கள். கூடாரம் மின்னலுக்குப் பாதுகாப்பு இல்லை. மின்னல் எச்சரிக்கைக்கு ‘தாமினி’ செயலியை போனில் வைத்துக்கொள்ளலாம்.

தீயைப் பற்றிச் சுருக்கமாக. 1995 டிசம்பர் 23, ஹரியானாவின் டப்வாலியில் பள்ளி விழா சாமியானா பற்றி எரிந்து நானூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். செயற்கை இழைத் துணி உருகித் தலையில் சொட்டியது, வெளியேற வழி குறைவு. நம் ஸ்ரீரங்கத்தில் 2004 ஜனவரியில் கல்யாணப் பந்தல் எரிந்ததும் மறந்திருக்காது. பந்தல்களுக்கான இந்தியத் தர விதிமுறை ஐ.எஸ். 8758, செயற்கைத் துணியும் கயிறும் வேண்டாம், மின்கம்பிக்குக் கீழே பந்தலே வேண்டாம் என்கிறது. நடைமுறையில் எல்லோரும் பாலியஸ்டர்தான் வைத்திருக்கிறார்கள். குறைந்தது ஹாலஜன் விளக்கைத் துணிக்குப் பக்கத்தில் கட்டாதீர்கள், சமையல் சிலிண்டரைக் கூடாரத்துக்குப் பின்னால் ஒட்டி வைக்காதீர்கள், அழகுக்காக எல்லாப் பக்கமும் படுதா கட்டி மூடாதீர்கள்.

சத்தத்துக்கு போலீஸ் அனுமதி எழுத்தில் வேண்டும், இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது. கூம்பு ஸ்பீக்கரை வண்டியிலேயே ஏற்றாதீர்கள். ஒசூர், தளி பக்கம் பிரசங்கத்தைத் தெலுங்கிலோ கன்னடத்திலோ மொழிபெயர்ப்பவர் கூடவே நிற்பார், அவருக்கும் ஒரே மாதிரி மைக் கொடுங்கள். சத்தத்தைக் கூட்டச் சொல்லி வரும் புகாரில் பாதி அதோடு தீர்ந்துவிடும்.

கடைசி நாள் ராத்திரிதான் எனக்குப் பயம். மூன்று நாள் தூக்கம் இல்லாத பையன்கள், பதினொரு மணிக்கு, கூடாரத்தை அவிழ்த்து இரவோடு இரவாக அடுத்த ஊருக்குக் கிளம்ப வேண்டும் என்கிற அவசரம். விளக்கை முதலில் கழற்றிவிட்டு, இருட்டில் இருபதடி ஜிஐ பைப்பை ஒருவன் நிமிர்த்திப் பிடித்து நடப்பான். மேலே 11 கிலோவோல்ட் லைன் போவதை மூன்று நாளில் மறந்திருப்பான். பைப்பைப் படுக்கவைத்து இரண்டு பேர்தான் தூக்க வேண்டும். விளக்கு கடைசியில்தான் அணைய வேண்டும். எர்த் வயரை எல்லாவற்றுக்கும் கடைசியில் கழற்றுங்கள். அதற்கு மேல் தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி ரோட்டில் ராத்திரி யானை குறுக்கே நிற்கும். தொப்பூர் கணவாயில் சரக்கு வண்டிகளின் கதி உங்களுக்கே தெரியும். ஆகவே நான் ராத்திரி அவிழ்ப்பதில்லை. பையன்கள் அங்கேயே தூங்கி எழுந்து காலை வெளிச்சத்தில் அவிழ்க்கட்டும்.

இதனால் என் கொட்டேஷனில் மற்றவர்களிடம் இல்லாத இரண்டு வரி இருக்கும்: எர்த்திங், இரவு தங்கல். கமிட்டியில் பேரம் பேசும்போது முதலில் அடிபடுவதும் அந்த இரண்டு வரிதான். குறைக்கத்தான் வேண்டும் என்றால் வாசலில் கட்டும் சீரியல் செட்டைக் குறைத்துக்கொள்ளுங்கள், நான் மறுப்பு சொல்ல மாட்டேன்.