கிறுக்கும் கையை ஏன் பிடிக்கக்கூடாது?

வெள்ளவத்தையில் தன் வீட்டிலேயே சின்னப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்: “ஒன்றரை வயதிலிருந்து நாலு வயது வரையான பிள்ளைகள் என்னிடம் வருகிறார்கள். வர்ணம் கொடுத்தால் தேய்க்கிறார்கள், கிறுக்குகிறார்கள், சில வேளை தாளையே கிழித்துவிடுகிறார்கள். மாலையில் கூட்டிப்போக வரும் பெற்றோருக்குக் காட்ட ஒரு பூவோ வண்ணத்துப்பூச்சியோ மிஞ்சுவதில்லை. பக்கத்து மாடியில் நடக்கும் நிலையத்தில் தினமும் ஒன்று கொடுத்தனுப்புகிறார்களாம். நானும் பிள்ளையின் கையைப் பிடித்துக் கீறுவிக்கலாமா? அதில் கெடுதல் ஏதும் உண்டா?”

கெடுதல் இல்லை. பெரிய பயனும் இல்லை. ஏன் இல்லை என்பதில்தான் சுவையே இருக்கிறது.

முதலில் அந்த வண்ணத்துப்பூச்சியைக் கவனிப்போம். சிறகை வெட்டியவர் ஆசிரியை. பசை பூசியவரும் அவரே. பிள்ளை செய்ததெல்லாம் காட்டிய இடத்தில் ஒரு கண்ணை ஒட்டியதுதான். அது கோணலாகப் போயிருந்தால் பிறகு நேராக்கப்பட்டிருக்கும். ஒரே மாதிரிப் பூச்சிகள் சுவர் முழுக்கத் தொங்கினால், அந்த அறையில் படம் கீறத் தெரிந்தவர் ஒருவர்தான் என்று அர்த்தம். முன்பள்ளிக் கல்வியில் ஊறியவர்கள் இதனால்தான் கடைசியில் என்ன வருகிறது என்பதைக் கேட்பதில்லை. செய்துகொண்டிருக்கும்போது பிள்ளைக்குள் என்ன நடக்கிறது என்றே கேட்கிறார்கள். நல்ல கேள்வி; ஆனால் அதற்கு “படைப்பாற்றல் வளர்கிறது” என்று பூசி மெழுகிய பதிலோடு நிறுத்திவிடுகிறார்கள். உள்ளே நடப்பது அதைவிடத் திட்டவட்டமானது.

கையின் உடற்கூறு பள்ளிக்கூடத்தில் படித்ததுதான், விரைவாகக் கடந்துவிடலாம். கட்டுப்பாடு தோளிலிருந்து முழங்கைக்கும், அங்கிருந்து மணிக்கட்டுக்கும், கடைசியாக விரல்களுக்கும் இறங்கிவருகிறது. மணிக்கட்டில் உள்ள எட்டுச் சிறு எலும்புகள் பிறக்கும்போது பெரும்பாலும் குருத்தெலும்புதான்; ஒவ்வொன்றாக இறுகி, கடைசி எலும்பு இறுகத் தொடங்கும்போது பிள்ளைக்கு எட்டு முதல் பன்னிரண்டு வயதாகிவிடும். ஆகவே இரண்டு வயதுப் பிள்ளை கிறேயோனை உலக்கை பிடிப்பதுபோல் முழு முட்டியால் பிடிப்பதில் வியப்பில்லை.

அந்த வயதுக் கிறுக்கல் ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் சரித்துப் பாருங்கள். கோடுகள் நேராக இருக்காது. எல்லாம் வில்லாக வளைந்திருக்கும், ஏனென்றால் முழங்கையை நடுவாக வைத்துக் கை ஆடியிருக்கிறது. வில்லின் இரு முனைகளிலும் மெழுகு தடித்துப் பளபளக்கும். கை வேகம் குறைந்து, நின்று, திரும்பிய இடம் அது. வில்கள் எந்தப் பக்கம் வளைகின்றன என்பதைக் கொண்டு எந்தக் கையால் கீறப்பட்டது என்றுகூடப் பெரும்பாலும் ஊகித்துவிடலாம். பெற்றோர் குப்பை என்று நினைக்கும் தாளில் ஒரு மூட்டின் இயக்கம் அப்படியே பதிவாகியிருக்கிறது.

ஆனால் பிள்ளை ஏன் கிறுக்குகிறது? கையை ஆட்டும் இன்பத்துக்காகவா, தாளில் தெரியும் கோட்டுக்காகவா? ஜேம்ஸ் கிப்சனும் பற்றீசியா யோனாசும் 1968இல் வெளியிட்ட ஆய்வு இதை எளிதாகத் தீர்த்துவைத்தது. சின்னஞ்சிறு பிள்ளைகளிடம் கோடு விழும் பென்சிலையும் கோடு விழாத ஒன்றையும் கொடுத்துப் பார்த்தார்கள். கோடு விழாதபோது கிறுக்கல் வெகுவாகக் குறைந்துபோனது. கையசைவு மட்டுமே இன்பம் என்றால் அப்படிக் குறைந்திருக்காது. பிள்ளைக்குத் தேவை, தான் செய்ததன் தடயம்.

இனி நான் சொல்ல விரும்பிய இடத்துக்கு வருகிறேன்.

கையை அசைக்க மூளையின் இயக்கப் புறணி முள்ளந்தண்டு வழியாகத் தசைக்குக் கட்டளை அனுப்புகிறது. இது புத்தகத்தில் இருப்பது. புத்தகம் அதிகம் பேசாதது, அதே கட்டளையின் நகல் ஒன்று சிறுமூளைக்கும் போகிறது என்பது. கடையில் பற்றுச்சீட்டு எழுதும்போது அடியில் வைத்த கார்பன் தாள் தானாக ஒரு பிரதியை எடுத்துக்கொள்வது போன்ற ஏற்பாடு. கட்டளை தசைக்குப் போய், கை அசைந்து, கண்ணும் மூட்டுகளும் செய்தி திருப்பி அனுப்பக் கொஞ்ச நேரமாகும். பார்வைச் செய்தியைக் கொண்டு கை தன்னைத் திருத்திக்கொள்ள ஏறக்குறைய பத்தில் ஒரு செக்கன் தேவை. அதுவரை சிறுமூளை சும்மா இருப்பதில்லை. தன்னிடமுள்ள நகலை வைத்து “இந்தக் கட்டளைக்குக் கை இங்கே போகும், தோல் இப்படி உணரும், கண்ணுக்கு இப்படித் தெரியும்” என்று முன்கூட்டியே கணித்து வைக்கிறது. உண்மைச் செய்தி வந்ததும் இரண்டையும் ஒப்பிடுகிறது.

இந்தக் கணிப்பு உங்கள் உடம்பில் நடப்பதை இப்போதே சோதிக்கலாம். உங்கள் விலாவில் நீங்களே கிச்சுக்கிச்சு மூட்டிப் பாருங்கள், வராது. சொந்தக் கையின் தொடுகையைச் சிறுமூளை முன்பே கணித்துக் கழித்துவிட்டது. சாரா ஜெய்ன் பிளேக்மோரும் கூட்டாளிகளும் இலண்டனில் 1990களின் இறுதியில் ஒரு படி மேலே போனார்கள். ஒருவர் தன் இடக்கையால் ஒரு பிடியை அசைத்தால், இயந்திரம் ஒன்று அதே அசைவில் அவருடைய வலது உள்ளங்கையை வருடும். உடனே வருடினால் கூச்சம் குறைவு. அசைவுக்கும் வருடலுக்கும் இடையில் செக்கனில் ஒரு சிறு பங்கு தாமதம் வைத்தால் கூச்சம் திரும்பிவிட்டது! வருடியது அவர் கைதான் என்று அவருக்குத் தெரியும். சிறுமூளைக்கோ கணக்கு ஒத்துவரவில்லை.

கணக்கு ஒத்துவராத அந்தக் கணம்தான் பொன்னான கணம். கணிப்புக்கும் உண்மைக்கும் இடைவெளி விழுந்தால், மூளைத்தண்டிலிருந்து ஏறிவரும் நரம்பிழைகள் சிறுமூளையில் உள்ள புர்கின்ஜே என்னும் பெரிய நரம்பணுக்களுக்குப் பிழைச் செய்தியைக் கொண்டுபோகின்றன. அப்போது இயங்கிக்கொண்டிருந்த இணைப்புகள் சற்றுத் தளர்கின்றன. அடுத்த கணிப்பு மயிரிழை அளவுக்குத் திருந்துகிறது. டேவிட் மார், ஜேம்ஸ் அல்பஸ், மசாவோ இட்டோ ஆகிய மூவரின் பெயரோடு வழங்கும் இந்தக் கொள்கையின் நுணுக்கங்கள் இன்னும் விவாதத்தில் இருந்தாலும் அடிப்படை நிலைத்து நிற்கிறது. மூளையின் எடையில் பத்தில் ஒரு பங்குதான் சிறுமூளை. ஆனால் மூளையின் 86 பில்லியன் நரம்பணுக்களில் ஐந்தில் நான்கு பங்கு அங்கேதான் இருக்கின்றன. பிறந்த முதல் ஆண்டிலேயே அதன் பருமன் இரு மடங்குக்கும் மேலாகிறது. இவ்வளவு பெரிய அலுவலகத்துக்கு வேலை வேண்டாமா? கிறுக்கல் அந்த வேலையைக் கட்டுக்கட்டாகக் கொண்டுவந்து கொட்டுகிறது. கோடு அழியாமல் தாளிலேயே கிடப்பதால், கை போன இடத்தைப் பிள்ளை திரும்பவும் பார்க்க முடிகிறது.

இப்போது பிள்ளையின் கையை நீங்கள் பிடித்து அசைக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். பூ அழகாக வருகிறது. ஆனால் கட்டளை பிறந்தது உங்கள் மூளையில். நகல் போனது உங்கள் சிறுமூளைக்கு. பிள்ளையிடம் நகலே இல்லை, ஆகவே கணிப்பில்லை, ஒப்பிட ஏதுமில்லை, பிழையுமில்லை. பூவைக் கீறப் பழகியவர் நீங்கள்தான்.

இது வெறும் ஊகமல்ல. ரிச்சர்ட் ஹெல்டும் அலன் ஹெயினும் 1958இல், பார்வையை ஒரு பக்கமாக விலக்கிக் காட்டும் அரியத்தின் ஊடாகத் தம் கையையே பார்க்குமாறு சிலரிடம் சொன்னார்கள். கையைத் தாமாக ஆட்டியவர்கள் விரைவில் அந்த விலகலுக்குப் பழகிக்கொண்டார்கள். ஆய்வாளர் கையைப் பிடித்து ஆட்டியபோது, கண் பார்த்தது அதே காட்சிதான், பழக்கம் ஏற்படவில்லை. 1963இல் இதே இருவரும் பூனைக்குட்டிகளுக்குப் போனார்கள். இருட்டில் வளர்ந்த குட்டிகளைச் சோடி சோடியாக, கோடு போட்ட உருளைச் சுவருக்குள் ஒரு சுழல்தண்டின் இரு முனைகளிலும் பூட்டினார்கள். ஒரு குட்டி நடக்கும். மற்றது சிறு பெட்டிக்குள் குந்தியிருக்கும். முதல் குட்டி நடக்க நடக்க இதுவும் சுற்றிவரும். இரண்டும் நாளுக்கு மூன்று மணி நேரம் ஒரே காட்சியைப் பார்த்தன. பிறகு மேசை விளிம்பை நோக்கி மெல்ல இறக்கிப் பிடித்தபோது, நடந்த குட்டி பாதத்தை முன்நீட்டியது. சவாரி செய்த குட்டி நீட்டவில்லை. முகத்தை நோக்கி ஒரு பொருள் வந்தபோது கண்ணையும் சிமிட்டவில்லை.

குட்டிகளுக்காக மனம் வருந்துபவர்களுக்கு: வெளிச்சமான அறையில் 48 மணி நேரம் ஓடித்திரிய விட்டதும் சவாரிக் குட்டிகள் தேறிவிட்டன. கை பிடித்துக் கீறுவிக்கப்பட்ட பிள்ளைக்கும் அதனால்தான் கெடுதல் இல்லை என்றேன். கையை விட்டால் பிடித்துக்கொள்ளும். சவாரிக் குட்டிகள் வெறுமனே கவனம் செலுத்தாமல் இருந்திருக்கலாம் என்ற விமர்சனமும் உண்டு. பிறர் அசைத்த கையிலும் சிறிதளவு பழக்கம் ஏற்படுவதைப் பிந்திய ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. என்றாலும், தானாகச் செய்த அசைவுக்கு ஈடாக எதுவும் நிற்கவில்லை.

“அப்படியானால் விஜயதசமியன்று ஏடு தொடக்குவது?” என்று கேட்பீர்கள். தாராளமாகத் தொடக்குங்கள். அது சடங்கு, குருக்களின் மடியில் இருந்து பச்சையரிசியில் ‘அ’ எழுதும் ஒரு காலைப்பொழுது. அடுத்த நாள் அந்த அரிசித் தட்டைப் பிள்ளையிடமே விட்டுவிட்டால் அருமையான தளம்: விரல் போன இடமெல்லாம் பள்ளம் விழும், தட்டை ஆட்டினால் மறையும். எனக்குக் கோபம் வருவது வேறு இரண்டில். ஒன்று, இடக்கையால் கிறேயோனை எடுக்கும் பிள்ளையின் கையில் தட்டுவது. கைப்பழக்கம் மூன்று நான்கு வயதளவில்தான் உறுதிப்படும். கிறேயோனை நடுவில் வைத்துவிட்டு வாயை மூடிக்கொண்டிருப்பதே நம் வேலை. மற்றது, நடுமூளையைத் தூண்டுகிறோம் என்று பிள்ளையின் கண்ணைக் கட்டிவிட்டு, மூக்கோரத்து இடுக்கால் எட்டிப் பார்த்து நிறம் சொல்ல வைக்கும் வகுப்புகள். அதற்கு ஆயிரக்கணக்கில் கட்டணம் கொடுக்கும் பெற்றோர் இருபது ரூபாய் கிறேயோனைத் தொட்டால் சுவர் அழுக்காகும் என்கிறார்கள்.

நட்சத்திர ஒட்டிகள் பற்றியும் ஒரு சொல். மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்ட் நிஸ்பெட் 1973இல் வெளியிட்ட ஆய்வில், படம் கீறினால் தங்க நட்சத்திரச் சான்றிதழ் தருவோம் என்று முன்பள்ளிப் பிள்ளைகள் சிலருக்குச் சொல்லிக் கீறுவித்தார்கள், சொன்னபடி கொடுத்தார்கள். ஒன்றிரண்டு வாரம் கழித்து, பரிசெதுவும் இல்லாத சாதாரண நேரத்தில், அந்தப் பிள்ளைகள் மற்றவர்களைவிட ஏறக்குறையப் பாதி நேரமே பேனையைத் தொட்டார்கள். எதிர்பாராமல் பரிசு பெற்றவர்களுக்கு அப்படி நேரவில்லை.

தமிழும் சிங்களமும் வளைவுகளால் ஆன எழுத்துகள். கிறுக்கலில் வட்டத்தை மூடத் தெரிந்த கை எப்போது ‘அ’வின் சுழிக்குத் தயாராகிறது என்பதைக் கொழும்பிலேயே அளந்து பார்க்கலாம், ஒரு கேமராவும் பொறுமையுள்ள பட்டதாரி மாணவர் ஒருவரும் போதும். ஆராய்ச்சிக்கென்று மொத்த உள்நாட்டு உற்பத்தியில் ஒரு சதவீதத்தின் பத்தில் ஒரு பங்களவே செலவிடும் நாட்டில் அதற்கும் வரிசையில் நிற்க வேண்டியிருக்கிறது. வட்டம் என்றதும் சொல்லிவிடுகிறேன்: தொடங்கிய இடத்துக்கே கோடு திரும்பி வந்து மூடுவது மூன்று வயதளவில் நடக்கும். போகுமிடத்தைக் கை முன்கூட்டியே அறிந்திருந்தால்தான் அது முடியும். சதுரம் நான்கில், முக்கோணம் ஐந்தில். மாலையில் வரும் அம்மாவுக்கு வண்ணத்துப்பூச்சிக்குப் பதிலாக அந்த முதல் மூடிய வட்டத்தைக் காட்டுங்கள், பின்பக்கம் தேதி போட்டு.

வாசகிக்கு வேலைக்கான குறிப்புகள் கொஞ்சம். கிறேயோனைக் கட்டைவிரல் நுனியளவுக்கு முறித்துக் கொடுங்கள். முட்டியால் பிடிக்க இடமில்லாததால் விரல்நுனிகள் தாமாக வேலைக்கு வரும். ஆனால் இது மூன்று வயதுக்கு மேல்தான். சிறியவர்கள் துண்டை விழுங்கிவிடுவார்கள், அவர்களுக்குத் தடித்த கிறேயோன். தாளைச் சுவரில் ஒட்டினால் தோளும் மணிக்கட்டும் சேர்ந்து பழகும். வெள்ளைத் தாள்தான் வேண்டுமென்பதில்லை. 2022இல் தாள் இல்லாமல் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சைகளையே தள்ளிவைத்த ஊர் இது. பழைய பத்திரிகையும் பிஸ்கட் பெட்டி மட்டையும் போதும்.

பெரிய பிள்ளைகளுக்கு ஒரு விருந்து: மஞ்சள் தூளை நீரில் கொதிக்கவைத்துத் தாளில் பூசிக் காயவிடுங்கள். அப்பச்சோடாக் கரைசலில் தூரிகையைத் தோய்த்துக் கொடுத்தால், தொட்ட இடமெல்லாம் செம்மண் நிறமாகும். மஞ்சளின் நிறப்பொருளான குர்க்குமின், அப்பச்சோடா போன்ற காரப்பொருள் பட்டதும் தன் வடிவத்தை மாற்றிக்கொள்கிறது. மேலே தேசிக்காய்ச் சாற்றைத் தொட்டால் மறுபடி மஞ்சளாகும். சுண்ணாம்பு சேர்த்த ஆலாத்தி நீர் சிவப்பதும் இதே காரணத்தால்தான், ஆனால் சுண்ணாம்பைப் பிள்ளைகளிடம் கொடுக்காதீர்கள், கண்ணைப் பழுதாக்கிவிடும். சட்டையில் மஞ்சள் பட்டால் பதற வேண்டாம். குர்க்குமினை வெயில் சிதைத்துவிடும். துவைத்து மாடியில் உச்சி வெயிலில் விரித்தால் கறை பெருமளவு போய்விடும். சவர்க்காரம் போட்டதும் கறை சிவக்கும், அதைப் பார்த்துப் பெற்றோர் தொலைபேசியில் அழைப்பார்கள். முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.