கையெழுத்துக்கு அப்புறம்

"எம் பேரை மட்டும் எழுதச் சொல்லிக் குடுங்க சார், அது போதும்." எழுத்தறிவு மையத்துக்கு வரும் பெண்கள் பலர் முதல் நாள் கேட்பது இதைத்தான். வங்கியில் பத்துப் பேர் பார்க்கக் கட்டைவிரலை மையில் வைப்பது அவர்களுக்கு அவ்வளவு கூச்சம். அந்தக் கூச்சத்தை நான் மதிக்கிறேன். ஆனால் பெயரோடு நிறுத்திவிடும் மையம் அவர்களை முன்பைவிட ஆபத்தில் விடுகிறது. தன்னார்வலர்களுக்கு நடத்தும் பயிற்சிகளில் இதைத் திரும்பத் திரும்பச் சொல்லிவருகிறேன்.

ரேகை வைப்பவருக்குப் பத்திரத்தை வாசித்துக் காட்டும் வழக்கமாவது உண்டு. கையெழுத்து போட்டவர் படித்துவிட்டுத்தான் போட்டார் என்று எடுத்துக்கொள்வார்கள். நுண்கடன் குழுக்களில் இதன் விளைவைப் பார்க்கிறேன். ஒரு பெண் தன் கடனுக்குத்தான் கையெழுத்து என்று நினைத்துப் போட்டிருப்பார். குழுவில் ஒருவர் தவணை கட்டாவிட்டால் மற்றவர்கள் கட்ட வேண்டும் என்ற வரி அதே தாளில் இருக்கும்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் எழுத்தறிவு பெற்ற பெண்கள் 73.44 விழுக்காடு. கணக்கெடுக்க வருபவர் யாரையும் வாசிக்கச் சொல்லிப் பார்ப்பதில்லை. வீட்டார் சொல்வதை எழுதிக்கொள்கிறார். பெயர் மட்டும் எழுதத் தெரிந்தவரும் இதில் சேர்ந்திருக்க வாய்ப்புண்டு.

ஆகவே பெயருக்கு அடுத்த பாடமாக நான் வைக்கச் சொல்வது நான்கு சொற்கள்: அசல், வட்டி, தவணை, ஜாமீன். 'அ'வில் தொடங்கி 247 எழுத்தையும் வரிசையாக முடித்த பிறகுதான் சொல் என்றால், பாதிப் பேர் 'ங'வைத் தாண்டுமுன் நின்றுவிடுவார்கள். இந்த நான்கு சொற்களிலேயே புள்ளி, கால், விசிறி, ஐகாரக் குறி எல்லாம் வந்துவிடுகின்றன. பிரேசிலின் அங்கிகோஸ் ஊரில் 1963-இல் கல்வியாளர் பாவ்லோ ஃபிரேரே சுமார் 300 தொழிலாளர்களுக்கு எழுத்து சொல்லிக்கொடுத்தது இந்த வழியில்தான். அவர்கள் அன்றாடம் புழங்கிய சொற்களே பாடமாயின. நம்மிடமே புதுக்கோட்டை இருக்கிறது. 1990-களின் தொடக்கத்தில் அங்கே அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கம் நடந்தபோது, மாவட்ட ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத் எழுத்தோடு சைக்கிள் பயிற்சியையும் சேர்த்தார். கல்குவாரிகளில் கூலிக்குக் கல் உடைத்த பெண்கள் குழுவாகச் சேர்ந்து குவாரியைக் குத்தகைக்கு எடுத்தார்கள். கணக்கும் ரசீதும் அவர்கள் கைக்கு வந்தபின், படிப்பை யாரும் வற்புறுத்த வேண்டியிருக்கவில்லை.

பாடத்துக்கு முன்னால் பார்க்க வேண்டியது ஒன்று உண்டு. கண். நாற்பதைத் தாண்டியவர்களுக்குக் கிட்டத்தில் இருப்பது மங்கலாகத் தெரிவது இயல்பு. "எனக்கு மண்டையில ஏறல" என்று வராமல் நிற்பவரிடம் புத்தகத்தைக் கொஞ்சம் தள்ளிப் பிடிக்கச் சொல்லுங்கள். அப்போது எழுத்து தெரிந்தால் குறை மண்டையில் இல்லை. அசாம் தேயிலைத் தோட்டங்களில் 40 வயதைக் கடந்த தொழிலாளர்களுக்குக் கிட்டத்தில் இருப்பதைத் தெளிவாகக் காட்டும் கண்ணாடியைக் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2018-இல் வந்தது. கண்ணாடி கிடைக்காதவர்களோடு ஒப்பிட்டால் இவர்கள் பறித்த இலையின் அளவு ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் கூடியிருந்தது. இலை பறிக்கவே இப்படி என்றால், பொடி எழுத்து படிக்க எவ்வளவு வேண்டும்! முதல் வாரமே கண் பரிசோதனை முகாம் வைக்காத மையத்தை நான் மையமாகவே கருத மாட்டேன்.

அடுத்த தடை கொம்பு. 'கெ', 'கொ' இரண்டிலும் கொம்பு எழுத்துக்கு முன்னால் நிற்கிறது, ஒலியோ பின்னால் வருகிறது. பெரியவர்கள் தடுமாறுவது இங்கேதான். அவசரப்படாமல் ஒரு வாரம் முழுக்க இதற்கே ஒதுக்கலாம். கணக்கில் அந்தக் கவலை இல்லை. மனக்கணக்கில் அவர்கள் நம்மை முந்துவார்கள். தாளில் எழுதும் முறையை மட்டும் காட்டினால் போதும்.

அம்மா படித்தால் பிள்ளை தானாகப் படிக்கும் என்று மேடைகளில் சொல்கிறோம். பிகாரிலும் ராஜஸ்தானிலும் பிரதம் என்ற கல்வித் தொண்டு அமைப்பின் வழியே இதைச் சோதித்தார்கள். தாய்மார்களுக்கு வகுப்பு நடத்தியதோடு, பிள்ளையோடு வீட்டில் செய்ய வேண்டிய சிறு பயிற்சிகளையும் சேர்த்துக் கொடுத்தபோது பிள்ளைகளின் கணக்கில் முன்னேற்றம் தெரிந்தது. பெரிய தாவல் இல்லை, சிறியதுதான். ஆனாலும் வகுப்போடு வீட்டு வேலையையும் சேர்க்க வேண்டும் என்பதற்கு இது போதும். இரவுச் சோறு முடிந்ததும் பிள்ளையின் பாடப்புத்தகத்தில் ஒரு பக்கத்தைத் தாயும் பிள்ளையும் மாறி மாறி வாசிக்கட்டும். அப்பாவும் பக்கத்தில் உட்கார வேண்டும். பிள்ளை திருத்தும்போது யாரும் சிரிக்கக் கூடாது. ஒரு முறை சிரித்தால் அம்மா அந்தப் புத்தகத்தை மறுபடி தொட மாட்டார்.

இப்போது நடக்கும் புதிய பாரத எழுத்தறிவுத் திட்டத்தில் எழுதப் படிக்கத் தெரியாத, 15 வயது நிரம்பிய எவரும் சேரலாம். மொத்தம் 200 மணி நேரப் படிப்பு, முடிவில் தேர்வு. நாளுக்கு ஐந்து மணி நேரம் என்று பார்த்தால் பள்ளிப் பிள்ளைக்கு இது 40 நாள் வகுப்பு. தேர்ச்சி பெற்ற பிறகு படிக்க எதுவும் கையில் இல்லையென்றால் வந்த எழுத்து ஓராண்டில் மங்கிவிடும். ஊராட்சி நூலகங்கள் இருக்கின்றன. 2006-இல் தொடங்கிய அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் கட்டியவை. பல ஊர்களில் பூட்டிக் கிடக்கின்றன. திறந்திருக்கும் ஊர்களிலும் காட்டு வேலையும் சமையலும் முடிந்து பெண்கள் வரும் நேரத்தில் கதவு சாத்தியிருக்கிறது. வாரம் இரண்டு நாளாவது இரவு எட்டு மணிவரை நூலகம் திறந்திருக்க வேண்டும் என்று அடுத்த கிராமசபையில் தீர்மானம் கொண்டுவாருங்கள். மையத்தில் படித்தவர்களே எழுந்து கேட்கட்டும். தீர்மானப் புத்தகத்தில் எழுதியதை அவர்களே வாசித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்து போடட்டும்.