பாம்புக்கடி நோயாளியை ஏன் காக்க வைக்கிறார்கள்?

குமரி மாவட்டத்தில் குலசேகரம், பேச்சிப்பாறை பக்கம் விடியும் முன்பே தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு ரப்பர் பால்வெட்டக் கிளம்பிவிடுவார்கள். சருகுக்குள் கிடக்கும் பாம்பு காலில் கடித்தால் வண்டி ஆசாரிப்பள்ளம் அரசு ஆஸ்பத்திரிக்குப் பறக்கும். இல்லையென்றால் களியக்காவிளையில் கேரள எல்லை தாண்டித் திருவனந்தபுரம் மெடிக்கல் காலேஜுக்கு. அங்கே பிரஷர், நாடி பார்த்து, கையில் ஊசிக்குழாய் வைத்து, கொஞ்சம் ரத்தம் எடுப்பார்கள். அதற்குமேல் ஒன்றும் நடக்காதது போலிருக்கும். "மருந்து போடாம சும்மா வச்சிருக்காங்களே" என்று கூட வந்தவர்கள் கொதிப்பது அப்போதுதான்.

எடுத்த ரத்தத்தில் 2 மில்லி, கழுவிக் காயவைத்த கண்ணாடி டியூப் ஒன்றில் இருக்கும். அதை 20 நிமிடம் யாரும் தொடக்கூடாது. பிறகு ஒருமுறை சாய்த்துப் பார்ப்பார்கள். கட்டியாக நின்றால் ரத்தம் உறைகிறது; தண்ணீராக ஓடினால் விரியனின் விஷம் ரத்தத்தில் வேலையைத் தொடங்கிவிட்டது. கண்ணாடி பட்டதும் ரத்தத்தை உறையவைக்கும் புரதங்களில் ஒன்றான 12ஆம் உறைகாரணி தூண்டப்பட்டு, ஒன்றிலிருந்து ஒன்றாகத் தொடர்ந்து, கடைசியில் ஃபைப்ரினோஜன் என்ற புரதம் வலையாகப் பின்னிக்கொள்ளும். கண்ணாடி விரியனின் விஷம் அந்தப் புரதத்தை உடம்புக்குள்ளேயே செலவழித்துத் தீர்த்துவிடுவதால், டியூபில் பின்ன ஏதும் மிஞ்சாது.

சோதனை எளிது, கெடுவதும் எளிது. பிளாஸ்டிக் டியூபிலோ, சோப்புத்தூள் போட்டுக் கழுவிய டியூபிலோ நல்ல ரத்தம்கூட உறையாமல் நிற்கலாம். உறை ஊற்றிய பாலைப் போல அதையும் நடுவில் ஆட்டிப் பார்க்கக்கூடாது. "ஆச்சா சிஸ்டர்?" என்று டியூபை எடுத்துக் காட்டச் சொல்லாமல் இருப்பதே பெரிய உதவி. கடித்த உடனே செய்தால் விஷம் ஏறியும் ரத்தம் உறையக்கூடும். அதனால் முதல் முறை உறைந்தாலும், முதல் 3 மணி நேரம் மணிக்கொரு தடவை, பிறகு 6 மணி நேரத்துக்கு ஒரு தடவை என்று 24 மணி நேரம் வரை திரும்பச் செய்ய வேண்டும் என்கிறது நம் நாட்டு வழிமுறை.

எதற்கு இவ்வளவு சோதனை, நேராக விஷமுறிவு மருந்தை ஏற்றிவிடலாமே? கடித்தது விஷமில்லாத பாம்பாக இருக்கலாம். விஷப்பாம்பே கடித்தும் விஷம் இறங்காமல் போவதுண்டு. மருந்தோ குதிரையின் ரத்தத்திலிருந்து எடுக்கும் எதிர்ப்புரதம். சிலருக்கு ஏற்றத் தொடங்கிய சில நிமிடங்களில் உடம்பெல்லாம் தடித்து, மூச்சு திணறி, பிரஷர் விழும். அட்ரினலின் ஊசியைப் பக்கத்தில் தயாராக வைத்துக்கொண்டுதான் ஏற்றுவார்கள். ரத்தம் உறையாமை, இமை சரிவு, மூச்சுத் திணறல், வேகமாக ஏறும் வீக்கம் என்று விஷத்தின் அடையாளம் தெரிந்துவிட்டால் ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது. முதல் தவணை 8 முதல் 10 குப்பி. குழந்தைக்கும் அதே அளவுதான். கடிக்கிற பாம்பு ஆளைப் பார்த்து விஷத்தைக் குறைப்பதில்லையே.

மருந்து ஏறியபின் இன்னொரு காத்திருப்பு, 6 மணி நேரம். மருந்து விஷத்தைக் கட்டும். செலவான உறைகாரணிகளைக் கல்லீரல்தான் புதிதாகச் செய்தாக வேண்டும். அதற்கு அவ்வளவு நேரம் பிடிக்கும் என்பதால், நடுவில் சோதித்து "இன்னும் உறையல" என்று குப்பிகளை அடுக்குவதில் பயனில்லை.

கட்டுவிரியன் வேறு ரகம். கடித்த இடத்தில் வலியோ வீக்கமோ பெரும்பாலும் இருக்காது. டியூபில் ரத்தம் அழகாக உறையும். பல மணி நேரம் கழித்து இமை சரியும், பேச்சு குழறும், மூச்சு தசை தளரும். "ஒண்ணுமில்ல, வீட்டுக்குப் போறோம்" என்று கையெழுத்துப் போட்டுக் கிளம்பக் கூடாதது இதற்காகத்தான்.

மலையோர எஸ்டேட்டுகளில் இன்னொரு சிக்கல். மூக்கு நுனி தூக்கிய சிறிய குழிவிரியன் ஒன்று மேற்குத் தொடர்ச்சி மலையில் உண்டு. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்ற நான்கின் விஷத்தை வைத்துத் தயாராகும் நம் மருந்து அதற்குக் கேட்காது. அது ரத்தத்தையும் சிறுநீரகத்தையும் கெடுத்தால் ரத்தக்கூறுகளும் டயாலிசிஸும்தான் துணை. பாம்பைத் தேடி அடிக்கப் போக வேண்டாம். தள்ளி நின்று எடுத்த போட்டோ இருந்தால் மருத்துவருக்குக் காட்டுங்கள்.

பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்கும் வேலை உண்டு. மோதிரம், கொலுசு, வாட்சைக் கழற்றுங்கள். வீக்கத்தின் விளிம்பில் பேனாவால் கோடு போட்டு நேரத்தை எழுதுங்கள். நோயாளியை ஒரே மூச்சில் ஒன்று, இரண்டு என்று எண்ணச் சொல்லுங்கள். எண்ணிக்கை தடவைக்குத் தடவை குறைந்தாலும், ஈறில் ரத்தம் கசிந்தாலும், சிறுநீர் சிவந்தாலோ நின்றாலோ உடனே சிஸ்டரிடம் சொல்லுங்கள். முன்பே யாராவது இறுக்கிக் கட்டியிருந்தால் வழியில் அவிழ்க்காதீர்கள். தேங்கிய விஷம் ஒரேயடியாக ஏறக்கூடும், மருத்துவர் முன்னிலையில் அவிழ்ப்பதே சரி. எல்லை தாண்டி மாற்றி அனுப்பினால், கடித்த நேரம், டியூப் சோதனை செய்த நேரங்கள், ஏற்றிய குப்பிகளின் எண்ணிக்கை மூன்றும் சீட்டில் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். அது இல்லாவிட்டால் அங்கே எல்லாம் முதலிலிருந்து தொடங்கும்.

மருந்து ஏற்றிக்கொண்டவருக்கு வீடு திரும்பி ஒன்றிரண்டு வாரத்தில் காய்ச்சலும் மூட்டுவலியும் அரிப்பும் வரலாம். குதிரைப் புரதத்துக்கு உடம்பு காட்டும் தாமதமான எதிர்ப்பு அது; மாத்திரையில் அடங்கும். டிஸ்சார்ஜ் சீட்டோடு மறுபடி அதே ஆஸ்பத்திரிக்கே போவது நல்லது.