ரிப்போர்ட் எல்லாம் நார்மல், உடம்பு மட்டும் சரியில்லை

கையில் ஒரு துணிப்பை. அதற்குள் மூன்று ஈசிஜி, ஒரு எக்கோ, ஒரு எண்டோஸ்கோப்பி, வயிற்று ஸ்கேன், தலைக்கு எடுத்த சிடி. எல்லாவற்றிலும் 'நார்மல்'. கடலூர், பண்ருட்டி, நெய்வேலிப் பக்கமிருந்து மனநலப் பிரிவுக்கு வருகிறவர்களில் பலர் இந்தப் பையைச் சுமந்துகொண்டுதான் வருகிறார்கள். "மனசு சரியில்லை" என்று வாய் திறப்பவர்கள் குறைவு. "கேஸ் நெஞ்சை அடைக்குது", "மண்டைக்குள்ள பூரான் ஊர்ற மாதிரி இருக்கு", "கை கால் மதமதன்னு போகுது", "அடிவயித்துல கலக்கமாவே இருக்கு" என்றுதான் பேச்சு தொடங்கும்.

இவர்கள் சொல்வது பொய்யும் இல்லை, கற்பனையும் இல்லை. ரிப்போர்ட் நார்மல் என்றால் அந்த உறுப்பில் புண்ணோ அடைப்போ கட்டியோ தென்படவில்லை என்று பொருள். அந்த உறுப்பை ஓட்டுகிற நரம்பும் ஹார்மோனும் நிதானமாக ஓடுகின்றன என்று எந்த ஸ்கேனும் சொல்வதில்லை.

மூளையில் இரு பக்கமும் பாதாம் பருப்பு அளவில் அமிக்டலா என்றொரு பகுதி இருக்கிறது. ஆபத்தை மோப்பம் பிடிப்பது அதன் வேலை. வயல் வரப்பில் பாம்பைப் பார்த்ததும் யோசிப்பதற்கு முன்பே கால் பின்வாங்குகிறதே, அது இதன் கைங்கரியம். அதன் குரல் கேட்டதும் சிறுநீரகங்களின் மேல் தொப்பி போல் உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிகள் அட்ரினலினை இறக்கும். சற்றுப் பின்னால் கார்டிசோல் என்ற இன்னொரு ஹார்மோன் வரும். இதயம் வேகமெடுக்கும், ரத்தம் வயிற்றிலிருந்து கால் தசைகளுக்குத் திருப்பிவிடப்படும், செரிமானம் மந்தமாகும், குடல் கலங்கும். பாம்பு இருந்தால் இதெல்லாம் உயிர்காக்கும். பதற்ற நோயில் பாம்பு இல்லாமலே இந்த ஏற்பாடு முழுவதும் ஓடுகிறது, அதுவும் மாதக்கணக்கில்.

கை மதமதப்புக்கும் காரணம் உண்டு. பயத்தில் மூச்சு வேகமாகும்போது ரத்தத்திலுள்ள கார்பன் டை ஆக்சைடு அளவுக்கு மீறிக் குறைகிறது. அதனால் விரல் நுனியும் உதட்டைச் சுற்றியும் ஊசி குத்தும், சிலருக்கு விரல்கள் கோணிக்கொள்ளும்; மூளைக்குப் போகும் ரத்தக்குழாய்கள் சுருங்கித் தலை கிறுகிறுக்கும். வீட்டில் "பக்கவாதம் வந்துடுச்சு" என்று அலறுவார்கள். 'கேஸ்' கதையும் இப்படித்தான். பதற்றத்தில் காற்றை விழுங்குகிறோம். அதை வெளியேற்ற வலிந்து ஏப்பம் விடும் ஒவ்வொரு முறையும் இன்னும் கொஞ்சம் காற்று உள்ளே போகிறது. ஏப்பம் விட விட கேஸ் ஏறுவது அதனால்தான்.

இடையில் ஒரு எச்சரிக்கை. நெஞ்சுவலி முதல்முறை வருகிறதா, நாற்பது வயதைத் தாண்டியவரா, சுகர் அல்லது பிரஷர் உண்டா, வலி இடது கை, தாடை, முதுகுக்குப் பரவி வியர்த்துக் கொட்டுகிறதா, அப்படியானால் இது பதற்றம்தான் என்று வீட்டில் தீர்ப்பு எழுதாதீர்கள். 108-ஐ அழைத்துப் போய் ஈசிஜி எடுங்கள். முதல் ஈசிஜி சரியாக இருந்தாலும், இதயத் தசை சேதப்பட்டால் ரத்தத்தில் கூடும் ட்ரோபோனின் என்ற புரதத்தைப் பார்க்க வேண்டியிருக்கலாம். இதயம் சரி என்று ஒருமுறை முறையாக உறுதியான பிறகுதான் அடுத்த பேச்சு.

திடீர்ப் பதற்றத் தாக்குதல் பெரும்பாலும் பத்து நிமிடத்தில் உச்சம் தொட்டு, அரை மணிக்குள் தானே இறங்கிவிடும். ஆட்டோ பிடித்துக் கிளினிக் போய், "ஒரு பாட்டில் ஏத்துங்க டாக்டர்" என்று படுக்கும்போது அது இறங்கிக்கொண்டுதான் இருக்கும். பெயர் பாட்டிலுக்குப் போய்விடுகிறது. அரை லிட்டர் ஐந்து சதவீத குளுக்கோஸில் இருப்பது 25 கிராம் சர்க்கரை, அதாவது ஐந்தாறு டீஸ்பூன். 'நரம்புத் தளர்ச்சி' என்று சொல்லி வாரம் ஒன்று போடும் சத்து ஊசியின் சங்கதியும் ஏறக்குறைய இதுதான்.

தாக்குதலை விடப் பெரிய சேதம் அதற்குப் பிறகு வரும் ஒதுங்கலில் இருக்கிறது. கடலூரிலிருந்து பாண்டிக்கு பஸ்ஸில் போகிறவருக்குத் தவளக்குப்பம் அருகே ஒருமுறை மூச்சு முட்டியது என்று வைத்துக்கொள்ளுங்கள். பாதியில் இறங்கிவிட்டார், நிம்மதி. மூளை அதைத் தப்பாகப் படித்துக்கொள்கிறது: "இறங்கினதால பிழைச்சேன்." அடுத்த வாரம் பஸ் வேண்டாம், பிறகு ஷேர் ஆட்டோ வேண்டாம், கடைசியில் வாசல் தாண்ட ஒரு துணை வேண்டும். இதைப் பின்னோக்கிக் கழற்ற வேண்டும். முதல் நாட்களில் திருப்பாப்புலியூர் பஸ் நிலையத்தில் சும்மா உட்கார்ந்திருப்பது. பிறகு ரெட்டிச்சாவடி வரை, அடுத்து கன்னியக்கோயில் வரை, அதன்பின் தவளக்குப்பம், கடைசியாகப் பாண்டி. பயத்துக்கு நூறுக்கு எத்தனை என்று நீங்களே மதிப்பெண் போடுங்கள். அது பாதியாகக் குறையும் வரை அந்த இடத்தை விட்டு நகரக் கூடாது. வாரத்துக்கு நான்கைந்து முறையாவது செய்தால்தான் பலன். கெட்டுப்போவது இரண்டு இடத்தில்: உச்சத்தில் இறங்கிவிடுவது, சட்டைப்பையில் 'அவசரத்துக்கு' ஒரு மாத்திரையைத் தொட்டுக்கொண்டே போவது. இரண்டாவதைச் செய்தால் தைரியம் மாத்திரையின் கணக்கில் ஏறும், உங்கள் கணக்கில் ஏறாது.

மூச்சுப் பயிற்சியிலும் ஒரு தவறு நடக்கிறது. "நல்லா இழுத்து மூச்சு விடு" என்று பக்கத்திலிருப்பவர் சொல்வார். பெரிய பெரிய மூச்சாக இழுத்தால் கார்பன் டை ஆக்சைடு இன்னும் குறைந்து கிறுகிறுப்பு கூடும். மூக்கு வழியே நான்கு எண்ணும் வரை மெல்ல இழுத்து, ஆறு எண்ணும் வரை விடுங்கள். வெளிமூச்சு நீளமாக இருப்பதுதான் முக்கியம். நன்றாக இருக்கும் நேரத்திலேயே தினம் இருவேளை ஐந்தைந்து நிமிடம் பழகினால்தான் தாக்குதலின்போது கை கொடுக்கும்.

மனச்சோர்வின் முகம் வேறு. இரண்டு வாரத்துக்கு மேல், அநேகமாக நாள் முழுவதும் வெறுமை அல்லது எதிலும் பிடிப்பின்மை. கூடவே தூக்கம், பசி, உடல் வலு, கவனம், தன்மதிப்பு ஆகியவற்றில் சரிவு. தூக்கத்தைக் கேட்டாலே ஓரளவு பிடிபடும். பதற்றக்காரர் படுத்தால் தூக்கம் வராமல் புரள்வார். சோர்வுக்காரர் தூங்கிவிடுவார், ஆனால் மூன்று மணிக்கு விழிப்பு தட்டி, விடியும் வரை விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். இரண்டும் சேர்ந்தே வருவதும் சகஜம்.

கடுமையான சோர்வில் காலைப்பொழுதுதான் மிகக் கனம். மாலையில் கொஞ்சம் இலகுவாகும். இது நோயின் குணம். வீட்டில் வேறுமாதிரி புரிந்துகொள்கிறார்கள்: "காலையில வேலைக்குப் போகச் சொன்னா எழுந்திருக்க மாட்டான், சாயங்காலம் மட்டும் சில்வர் பீச்சுக்குக் கிளம்பிடறான், எல்லாம் நடிப்பு." அந்த ஒரு வார்த்தை அவரை எவ்வளவு தூரம் உள்ளே தள்ளும் என்று சொல்லித் தீராது.

"மனசு வந்தா செய்யறேன்" என்பது சோர்வில் வேலைக்கு ஆகாது, வரிசை தலைகீழ். செய்தால்தான் மனசு பின்னால் வரும். ஏழரைக்குள் குளியல், இருபது நிமிட நடை, ஒருவேளையாவது எல்லோரோடும் உட்கார்ந்து சாப்பாடு. அவ்வளவு சின்னதாகத் தொடங்க வேண்டும். முதல் வாரம் மகிழ்ச்சியை எதிர்பார்க்காதீர்கள், செய்து முடித்ததற்கு டிக் போட்டால் போதும்.

பாண்டிப் பக்கம் குடியைப் பற்றிப் பேசாமல் இந்தக் கட்டுரையை முடிக்க முடியாது. குடித்தால் தூக்கம் சீக்கிரம் வரும், உண்மை. சில மணி நேரத்தில் போதை இறங்கும்போது நரம்பு மண்டலம் எதிர்ப்பக்கம் எகிறும். பின்னிரவில் விழிப்பு, காலையில் நடுக்கம், படபடப்பு. அதை அடக்க மறுபடியும் ஒரு குவார்ட்டர். தினமும் அதிகம் குடிப்பவர் ஒரே நாளில் நிறுத்தினால் இரண்டு மூன்று நாளில் வலிப்பு வரலாம். மருத்துவர் பார்வையில்தான் நிறுத்த வேண்டும்.

மாத்திரைக்கு முன் ஹீமோகுளோபின், தைராய்டு, சர்க்கரை, தேவைப்பட்டால் பி12 பார்த்துவிடுவது நல்லது. தைராய்டு கூடினால் பதற்றம் போலவும் குறைந்தால் சோர்வு போலவும் வேஷம் கட்டும். பதற்றத்துக்கும் சோர்வுக்கும் கொடுக்கும் எஸ்சிட்டலோபிராம், செர்ட்ராலின் வகை மருந்துகள் முழுமையாக வேலை செய்ய நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். குமட்டல், தலைவலி, சிலருக்குப் படபடப்பே கூடுவது எல்லாம் முதல் வாரத்திலேயே வந்துவிடும். பலர் விட்டுவிடுவது இந்த இடத்தில்தான். இன்னொரு கூட்டம் இரண்டாம் மாதம் நன்றாகிவிட்டது என்று நிறுத்தும். குணமான பின்னும் குறைந்தது ஆறு மாதம் தொடர்ந்து, பிறகு படிப்படியாகக் குறைக்க வேண்டும். சட்டென்று நிறுத்தினால் கிறுகிறுப்பும் தலைக்குள் ஷாக் அடித்தது போன்ற உணர்வும் வரும். இவை போதையாகிற மருந்துகள் அல்ல. பழக்கமாகும் ஆபத்து உள்ளது, பதற்றத்தைச் சட்டென்று அடக்கும் அல்பிரசோலம், குளோனசிபம் வகைக்கு. பழைய சீட்டைக் காட்டி மெடிக்கலில் மாதாமாதம் வாங்குவது இதைத்தான்! முன்பு எப்போதாவது தூக்கமே தேவைப்படாமல், அளவுக்கு மீறிய உற்சாகத்தோடு, காசை வாரி இறைத்த நாட்கள் இருந்தால் மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள், சிகிச்சையே மாறும். கோயிலில் மந்திரித்துக் கயிறு கட்டிக்கொள்வதில் தடையில்லை, மாத்திரையை நிறுத்தச் சொன்னால் மட்டும் கேட்காதீர்கள்.

2011-இல் தானே புயலையும் 2024-இல் ஃபெஞ்சலையும் பார்த்த ஊர்களில் ஐப்பசி, கார்த்திகை வந்தாலே காற்றுச் சத்தத்துக்கு நெஞ்சு அடித்துக்கொள்பவர்கள் உண்டு. வானிலை அறிக்கையை நாளுக்கு இரண்டு முறை பார்த்தால் போதும். வாட்ஸ்அப் வீடியோக்களைத் தவிர்ப்பது பாதி மருந்து.

"நான் இல்லாம இருந்தா உங்களுக்கு நிம்மதி" போன்ற பேச்சு வந்தால், "சாகணும்னு தோணுதா?" என்று நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் விதைக்கப்படாது. கேட்டவரிடம் மனம் திறக்கும் வழி கிடைக்கும். வீட்டிலுள்ள பூச்சிமருந்தையும் மாத்திரைகளையும் அப்போதே அப்புறப்படுத்துங்கள், தனியே விடாதீர்கள். இருபத்தைந்து வயதுக்குக் குறைந்தவர் புதிதாக மாத்திரை தொடங்கியிருந்தால் முதல் சில வாரங்கள் கூடுதலாகக் கவனியுங்கள். அரசின் மனநலத் தொலைபேசி உதவியான டெலி மனாஸ் எண் 14416, கட்டணம் கிடையாது, இரவு பகல் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம். தற்கொலைக்கு முயன்றவரை 2017-ஆம் ஆண்டு மனநலச் சட்டம் கடும் மன உளைச்சலில் இருந்தவராகவே கருதுகிறது, தண்டிக்க வேண்டியவராக அல்ல. போலீஸ் கேஸுக்குப் பயந்து ஆஸ்பத்திரிக்குத் தாமதமாகக் கொண்டு போகாதீர்கள்.

கடலூர் அரசுத் தலைமை மருத்துவமனை, கோரிமேடு ஜிப்மர் என்று பக்கத்திலேயே மனநலப் பிரிவுகள் இருக்கின்றன. காலையிலேயே போய்ச் சீட்டுப் போடுங்கள். எப்போதிலிருந்து, எத்தனை மணிக்கு விழிப்பு வருகிறது, எந்த வேளை மோசம், இப்போது என்னென்ன மாத்திரை, இவற்றை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். உள்ளே போனதும் மறந்துவிடும். அந்தத் துணிப்பையையும் மறக்காமல் எடுத்துப் போங்கள். ஏற்கெனவே எடுத்ததை மறுபடி எடுக்கிற செலவாவது மிச்சமாகும்.