தன் கைரேகையைத் தானே சுமக்கும் மென்பொருள்

அமெரிக்க அரசுத் துறைகள் வாங்கும் மறையாக்க மென்பொருளுக்கு (தகவலைப் பிறர் படிக்காதபடி பூட்டும் மென்பொருள்) ஃபிப்ஸ் 140 என்ற அரசுத் தரநிலையின் சான்று வேண்டும். 2019-இல் வெளியான 140-3 தான் அதன் புதிய வடிவம். அதன் நிபந்தனைகளில் ஒன்று கொஞ்சம் விசித்திரமானது: மென்பொருள் தன் நிரலில் ஒரு பிட்கூட மாறவில்லை என்பதைத் தானே சோதித்துக்கொள்ள வேண்டும். மாறியிருந்தால் வேலை செய்ய மறுத்துவிட வேண்டும்.

நிரலின் பைட்டுகளை எச்மேக்-ஷா-256 என்ற கணக்கீட்டின் வழியாகச் செலுத்தினால், கைரேகைபோல அந்த நிரலை அடையாளம் காட்டும் 32 பைட் ரேகை கிடைக்கும். சரி, அதை எங்கே வைப்பது? ஓப்பன்எஸ்எஸ்எல் 3 என்ற மறையாக்க நூலகம் தனியாக ஓர் அமைப்புக் கோப்பில் எழுதிவைக்கிறது. கூகுளின் போரிங்எஸ்எஸ்எல் நூலகம் பைனரிக்குள்ளேயே, அதாவது இயந்திர மொழியில் உள்ள நிரல் கோப்புக்குள்ளேயே, வைக்கிறது. ஆனால் ரேகையை உள்ளே எழுதினால் கோப்பு மாறும். கோப்பு மாறினால் ரேகையும் மாறுமே? அதனால் மூலநிரலைக் கம்பைல் செய்யும்போது (இயந்திர மொழிக்கு மாற்றும்போது) ஒரு போலி 32 பைட் வரிசையை இடம்பிடிக்க வைக்கிறார்கள். பிறகு ஒரு கருவி அந்த வரிசையைத் தேடிப்பிடித்து, உண்மையான ரேகையை அங்கே எழுதுகிறது. இந்த இடம் ரேகை எடுக்கப்படும் எல்லைக்கு வெளியே இருப்பதால் சிக்கல் இல்லை.

உண்மையான தலைவலி, தனித்தனி நிரல் துண்டுகளை ஒன்றாக இணைக்கும் லிங்கர்தான். நூலகத்தைப் பயன்படுத்தும் நிரலுக்குள்ளேயே சேர்த்துவிடும் ஸ்டாட்டிக் பில்டில், ஆப்ஜெக்ட் கோப்பில் (கம்பைல் ஆகி, இன்னும் இணைக்கப்படாத துண்டு) ரேகை பதிந்த பிறகே அது மற்ற நிரல்களோடு இணைகிறது. வெளியே இருக்கும் ஃபங்ஷன்களின் (அழைத்துப் பயன்படுத்தும் நிரல் பகுதிகளின்) முகவரிகளை லிங்கர் அப்போதுதான் நிரலுக்குள் நிரப்பும். நிரப்பினால் பைட்டுகள் மாறும், ரேகை பொய்த்துவிடும். இதைத் தவிர்க்க, கம்பைலர் தரும் அசெம்பிளியையே (இயந்திர மொழிக்கு முந்தைய எழுத்து வடிவம்) டீலோகேட் என்ற கருவி திருத்தி எழுதுகிறது. வெளியே போகும் ஒவ்வொரு அழைப்பும் எல்லைக்கு அப்பால் வைத்த ஒரு குட்டி ஃபங்ஷன் வழியாகச் சுற்றிப் போகும். லிங்கர் அந்தக் குட்டி ஃபங்ஷன்களில் என்ன எழுதினாலும் உள்ளே எதுவும் மாறாது. ஒரு தரநிலைக்காக அசெம்பிளியையே கிண்டுவது எனக்கு அதிகப்படியாகத்தான் தோன்றுகிறது.

இத்தனை பாடுபட்டும் இது திருடனைத் தடுக்காது. எச்மேக்குக்கு ஒரு சாவி வேண்டும். போரிங்எஸ்எஸ்எல்லில் அந்தச் சாவி வெறும் பூஜ்ஜியங்கள், மூலநிரலில் யாரும் பார்க்கலாம். பைனரியை மாற்றத் தெரிந்தவர் ரேகையையும் புதிதாகக் கணக்கிட்டு எழுதிவிடுவார். வட்டுக் கோளாறு, அரைகுறையாக நகலான கோப்பு, தப்பாக இணைந்த பில்டு போன்றவற்றைத்தான் இது பிடிக்கும். வேண்டுமென்றே மாற்றுபவரைப் பிடிக்க, அந்த இயந்திரத்தில் இல்லாத தனிச்சாவியால் போட்ட டிஜிட்டல் கையொப்பம் வேண்டும். அதைச் சரிபார்ப்பதும் அந்த பைனரிக்கு வெளியே நடக்க வேண்டும்.

சோதனை தோற்க வேண்டிய நேரத்தில் தோற்கிறதா என்றும் பார்த்தாக வேண்டும் அல்லவா? அதற்கென்றே போரிங்எஸ்எஸ்எல்லில் இன்னொரு சிறு கருவி இருக்கிறது. பைனரியில் அந்த எல்லைக்குள் இருக்கும் முதல் பைட்டைக் கெடுப்பதுதான் அதன் வேலை.