ஆர்.டி.இ. 25 சதவீத இடம்: சேர்ப்பதற்கு முன்பும் சேர்த்த பின்பும்

"ஏனுங்க, அந்த ஃப்ரீ சீட்டுக்கு எழுதிப் போடணும்" என்று கேட்டுக்கொண்டு ஏப்ரல், மே மாதங்களில் இ-சேவை மையங்களுக்குப் பெற்றோர் வருவார்கள். பல்லடம், சோமனூர், பள்ளிபாளையம் பக்கத்துத் தறிக் குடும்பங்கள், திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போகிறவர்கள், பெருந்துறை சிப்காட்டில் ஷிஃப்ட் பார்க்கிறவர்கள் எல்லோருக்கும் கேள்வி ஒன்றுதான்: பிள்ளையை மெட்ரிக் பள்ளியில் சேர்த்தால் ஃபீஸை அரசு கட்டிவிடுமா? கட்டும். எதற்குக் கட்டும், எதுவரை கட்டும், அந்த இடத்தை எடுத்துக்கொண்டால் பின்னால் எதெல்லாம் கைவிட்டுப் போகும் என்பதை மட்டும் யாரும் உட்காரவைத்துச் சொல்வதில்லை.

2009-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றி 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த குழந்தைகளுக்கான இலவசக் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம்தான் (ஆங்கிலச் சுருக்கத்தில் ஆர்.டி.இ.) இதற்கு அடிப்படை. அதன் 12-வது பிரிவின்படி, அரசு உதவி பெறாத தனியார் பள்ளிகள் தங்கள் நுழைவு வகுப்பில் குறைந்தது 25 சதவீத இடங்களை அக்கம்பக்கத்தில் வாழும் ஏழை, ஒடுக்கப்பட்ட குடும்பக் குழந்தைகளுக்குத் தர வேண்டும். எல்கேஜி உள்ள பள்ளியில் அதுதான் நுழைவு வகுப்பு. பள்ளி உரிமையாளர்கள் வழக்குப் போட்டார்கள். 2012 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் சட்டம் செல்லும் என்றது. சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளுக்கு மட்டும் விலக்கு உண்டு. தமிழ்நாட்டில் ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட பள்ளிகள் இந்தத் திட்டத்துக்குள் வருகின்றன.

விண்ணப்பிக்கும் வழி இரண்டு. பெற்றோரின் ஆண்டு வருமானம் 2 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் 'நலிவடைந்த பிரிவினர்'. பட்டியல் சாதி, பழங்குடி, பிற்படுத்தப்பட்டோர், மிகவும் பிற்படுத்தப்பட்டோர் என்றால் 'வாய்ப்பு மறுக்கப்பட்ட பிரிவினர்'. ஆதரவற்ற குழந்தை, எச்.ஐ.வி. பாதித்த குழந்தை, மாற்றுத்திறனாளிக் குழந்தை, தூய்மைப் பணியாளரின் குழந்தை ஆகியோருக்கு முன்னுரிமை. இதில் ஒன்றைக் கவனியுங்கள். வருமான வரம்பு முதல் பிரிவுக்குத்தான். இரண்டாவது பிரிவுக்குச் சாதிச் சான்றிதழ் போதும். அதாவது தோட்டமும் தறிப்பட்டறையும் வைத்திருக்கும் பிற்படுத்தப்பட்ட வகுப்புக் குடும்பமும், அதே பட்டறையில் கூலிக்குத் தறி ஓட்டுகிறவரும் ஒரே குலுக்கலில் நிற்கலாம். சட்டப்படி இதில் தவறில்லை. ஆனால் ஏழைக்காகக் கொண்டுவந்த ஒரு ஏற்பாட்டில் இது பெரிய ஓட்டை என்பது என் கருத்து.

பிறப்புச் சான்றிதழ், ஆதார், ரேஷன் அட்டை போன்ற முகவரிச் சான்று, புகைப்படம், அப்புறம் பிரிவுக்கு ஏற்றபடி சாதிச் சான்றிதழ் அல்லது வருமானச் சான்றிதழ். இவ்வளவுதான் தேவை. விண்ணப்பம் இணையவழி. அதற்குக் கட்டணம் இல்லை. எல்கேஜி என்றால் ஜூலை 31-ல் குழந்தைக்கு மூன்று வயது நிறைந்திருக்க வேண்டும், ஒன்றாம் வகுப்பு என்றால் ஐந்து. விண்ணப்பத்தில் வீடு இருக்கும் இடத்தை வரைபடத்தில் குறிக்கும்போது நிதானமாகச் செய்யுங்கள். பள்ளியிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் வீடு இருக்கிறதா என்பதை அந்தப் புள்ளியை வைத்துத்தான் பார்க்கிறார்கள். வருமானச் சான்றிதழ் தாலுகா அலுவலகத்திலிருந்து வந்து சேரச் சில நாட்கள் ஆகும், கடைசி வாரத்தில் ஓடாதீர்கள். இடத்தைவிட விண்ணப்பம் கூடுதலாக வந்தால் பெற்றோர் முன்னிலையில் குலுக்கல் நடக்கும். நன்கொடை கேட்கவோ, குழந்தைக்கோ பெற்றோருக்கோ தேர்வு, நேர்காணல் வைக்கவோ பள்ளிக்கு அதிகாரம் கிடையாது.

சேர்ந்த பிறகு பள்ளிக்குப் பணம் எப்படிப் போகிறது? ஒரு குழந்தைக்கு அரசு தன் பள்ளிகளில் செய்யும் செலவு, அந்தத் தனியார் பள்ளி வாங்கும் கட்டணம், இரண்டில் எது குறைவோ அதை அரசு பள்ளிக்கே திருப்பித் தருகிறது. அந்தப் பணத்தில் மத்திய அரசின் பங்கு 60, மாநிலத்தின் பங்கு 40. பணம் வரத் தாமதமாகும்போது பள்ளி நிர்வாகம் பெற்றோர் பக்கம் திரும்புகிறது. ரசீதைப் பார்த்தால் தெரியும்: டியூஷன் ஃபீஸ் என்ற இடத்தில் கோடு போட்டிருப்பார்கள். அதற்குக் கீழே புத்தகம், சீருடை, ஸ்மார்ட் கிளாஸ், ஆண்டு விழா, வேன் என்று வரிசையாக வரும். வேனை நிறுத்திவிட்டு மொபெட்டில் கொண்டுபோய் விடலாம். ஆனால் ஸ்மார்ட் கிளாஸுக்குப் பணம் கட்டாத பிள்ளையை வெளியே உட்கார வைக்க முடியாது. ஆர்.டி.இ. பிள்ளைகளை வகுப்பிலோ நேரத்திலோ பிரித்து வைக்கக் கூடாது என்று விதி தெளிவாகச் சொல்கிறது. அப்படி நடந்தால் மாவட்டக் கல்வி அலுவலரிடம் எழுத்தில் புகார் கொடுங்கள். வாய்ப்பேச்சோடு விட்டுவிடாதீர்கள்.

பெற்றோர் பலருக்குத் தெரியாமல் போவது எட்டாம் வகுப்பு எல்லைதான். இந்தச் சட்டம் எட்டாம் வகுப்பு வரைக்கும்தான். ஒன்பதாம் வகுப்பில் அதே பள்ளியில் தொடர்ந்தால் முழுக் கட்டணமும் உங்கள் தலையில். எல்கேஜியில் இருந்து பத்து வருடம் ஒரே பள்ளியில் படித்த பிள்ளையை, கூட்டாளிகளை எல்லாம் விட்டுவிட்டு வா என்று கூப்பிட எந்தத் தாய்க்கு மனசு வரும்? கடனை வாங்கிக் கட்டுகிறார்கள். இங்கேதான் ஒரு விஷயத்தை நன்றாக மனதில் வைக்க வேண்டும். மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவருக்கு 7.5 சதவீத ஒதுக்கீடு 2020-ல் வந்தது. அடுத்த ஆண்டு பொறியியல், வேளாண்மை போன்ற படிப்புகளுக்கும் நீட்டித்தார்கள். ஆறு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு இது உண்டு. எட்டாம் வகுப்பு வரை ஆர்.டி.இ.யில் தனியார் பள்ளியில் படித்து, ஒன்பது முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கும் உண்டு. கல்லூரி போகும் பெண் பிள்ளைக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டத்திலும் இதே ஏற்பாடுதான். ஒன்பதாம் வகுப்பில் தனியாரிலேயே தங்கிவிட்டால் இரண்டும் போய்விடும். எட்டாம் வகுப்பு மாற்றுச் சான்றிதழோடு, ஆர்.டி.இ.யில் படித்தவர் என்று பள்ளியிலிருந்து எழுதி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

வேறு சிலவும் இருக்கின்றன. அரசுப் பள்ளியில் ஒன்று முதல் ஐந்து வரை காலை உணவு, மதிய உணவு, பாடநூல், சீருடை, பை, காலணி, மேலே போனால் சைக்கிள். எட்டாம் வகுப்பில் என்.எம்.எம்.எஸ். தேர்வு எழுதி வென்றால் ஒன்பது முதல் பிளஸ் டூ வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய் உதவித்தொகை. அது தனியார் பள்ளிப் பிள்ளைக்குக் கிடையாது. அரசு வேலையில் தமிழ்வழியில் படித்தவர்களுக்கான 20 சதவீத முன்னுரிமைக்கு, 2020 திருத்தத்துக்குப் பின் பள்ளிப் படிப்பும் தமிழ்வழியில் இருக்க வேண்டும். ஆங்கில மீடியம் மெட்ரிக்கில் தொடங்கும்போதே அந்த வாசல் அடைபடுகிறது. மூன்று வயதுப் பிள்ளைக்கு டிஎன்பிஎஸ்சி பற்றி யோசிக்க வேண்டுமா என்று கேட்கலாம். கொங்கில் கூலி வேலைக்குப் போகிற குடும்பத்துக்கு அரசு வேலை என்றால் என்ன என்று தெரிந்தவர்கள் அப்படிக் கேட்க மாட்டார்கள்.

ராசிபுரம், நாமக்கல், திருச்செங்கோடு பக்கத்துப் பெயர் பெற்ற விடுதிப் பள்ளிகளை நினைத்து யாராவது விண்ணப்பிப்பதாக இருந்தால், அந்த ஆசையை விட்டுவிடுங்கள். அவற்றின் பெயர் பிளஸ் ஒன், பிளஸ் டூவில். இந்தத் திட்டம் அந்த வகுப்புகளை எட்டவே எட்டாது.

சரி, இதற்கும் உலகம் முழுக்க நடக்கும் பள்ளி வவுச்சர் விவாதத்துக்கும் என்ன தொடர்பு? அரசுப் பணம் பள்ளிக்குப் போகாமல் குழந்தையின் கூடவே போகட்டும், பெற்றோர் விரும்பும் பள்ளி அதை வாங்கிக்கொள்ளட்டும் என்று 1955-ல் அமெரிக்கப் பொருளாதார அறிஞர் மில்டன் ஃபிரீட்மன் எழுதினார். அதுதான் வவுச்சர். நம் 25 சதவீத இடமும் ஏறக்குறைய அதே வகைதான். சிலி நாடு 1981-ல் இதை நாடு முழுக்கக் கொண்டுவந்தது. பாதிக்கும் மேற்பட்ட பிள்ளைகள் தனியார் பள்ளிக்குப் போனார்கள். நாட்டின் சராசரிக் கல்வித் தரம் உயரவில்லை, வசதியுள்ளவர் ஒரு பக்கமும் இல்லாதவர் மறு பக்கமும் பிரிந்தார்கள் என்று ஆய்வாளர்கள் கண்டார்கள். மாணவர் போராட்டங்களுக்குப் பிறகு, 2015-ல் அரசுப் பணம் வாங்கும் பள்ளிகள் லாபம் பார்ப்பதையும் பிள்ளைகளைப் பொறுக்கி எடுப்பதையும் தடுக்கச் சட்டம் போட்டார்கள். அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் 1990-ல் ஏழைகளுக்கு மட்டும் என்றுதான் ஆரம்பித்தது. அரிசோனா மாநிலம் 2022-ல் எல்லோருக்கும் என்று திறந்துவிட்டபோது, முதலில் கை நீட்டியவர்களில் பெரும்பாலோர் அரசுப் பள்ளியில் படிக்காத பிள்ளைகளின் பெற்றோர்.

நமக்குப் பக்கத்திலேயே ஒரு நல்ல ஆய்வு நடந்தது. ஒன்றுபட்ட ஆந்திராவில் 180 கிராமங்களில் குலுக்கல் போட்டு வவுச்சர் கொடுத்து, நான்கு ஆண்டு கழித்துப் பிள்ளைகளைச் சோதித்தார்கள். கார்த்திக் முரளிதரன், வெங்கடேஷ் சுந்தரராமன் இருவரும் 2015-ல் முடிவை வெளியிட்டார்கள். தெலுங்கிலும் கணக்கிலும், வவுச்சரோடு தனியாருக்குப் போனவர்களுக்கும் போகாதவர்களுக்கும் வித்தியாசம் இல்லை. இந்தியில் மட்டும் போனவர்கள் முந்தினார்கள். ஆனால் தனியார் பள்ளி ஒரு பிள்ளைக்குச் செய்த செலவு அரசுப் பள்ளிச் செலவில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. அரசுப் பள்ளியில் மிஞ்சிய பிள்ளைகளுக்குக் கெடுதல் எதுவும் அந்த ஆய்வில் தெரியவில்லை. வவுச்சர் வேண்டும் என்பவர்கள் செலவைக் காட்டுகிறார்கள், வேண்டாம் என்பவர்கள் மதிப்பெண்ணைக் காட்டுகிறார்கள். டெல்லியில் கௌதம் ராவ் செய்த ஆய்வு வேறொன்றைச் சொல்கிறது: ஏழைப் பிள்ளைகளோடு ஒரே வகுப்பில் படித்த பணக்காரப் பிள்ளைகளின் மனம் விரிந்தது, பிறருக்குக் கொடுக்கும் குணம் கூடியது. ஒரே பெஞ்சில் உட்கார வைத்ததன் பலன் அது. அதை நான் சிறியதாக நினைக்கவில்லை.

என் கவலை வேறு இடத்தில் இருக்கிறது. ஆந்திராவில் நடந்தது சில ஆண்டு சோதனை. நம் ஊரில் ஒவ்வொரு ஜூனிலும் நடக்கிறது. அரசுத் தொடக்கப் பள்ளிக்கு எத்தனை ஆசிரியர் என்பதைப் பிள்ளைகளின் எண்ணிக்கையை வைத்துத்தான் முடிவு செய்கிறார்கள். இதே கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணைப்படி 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர், 61 முதல் 90 வரை மூன்று, 91 முதல் 120 வரை நான்கு. ஒரு பள்ளியில் 64 பிள்ளைகள், மூன்று ஆசிரியர் என்று வைத்துக்கொள்வோம். ஐந்து குழந்தைகள் ஆர்.டி.இ.யில் பக்கத்து மெட்ரிக்குக்குப் போனால் 59. ஆகஸ்ட் 1 நிலவரப்படிக் கணக்கெடுக்கும்போது ஒரு ஆசிரியர் 'உபரி' ஆகிவிடுவார், பணி நிரவலில் வேறு ஊருக்குப் போவார். போனது ஐந்து பிள்ளைகள். ஆனால் மீதி 59 பேருக்கும் சேர்த்து ஐந்து வகுப்புக்கு இரண்டே ஆசிரியர். ஒன்று, இரண்டு, மூன்றாம் வகுப்புகளை ஒரே அறையில் உட்கார வைத்து, ஒரு வரிசைக்கு எழுத்து, அடுத்த வரிசைக்குக் கூட்டல், மூன்றாவது வரிசைக்குப் பாட்டு என்று அந்த டீச்சர் ஓடிக்கொண்டே இருப்பார். அதைப் பார்க்கும் பெற்றோர் அடுத்த வருடம் என்ன செய்வார்கள்? அவர்களும் இ-சேவை மையத்துக்குத்தான் வருவார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் இல்லை.

திம்பம் தாண்டி, தாளவாடிக்கு அப்பால் இருக்கும் கர்நாடகம் வேறு வழியில் போயிற்று. பக்கத்தில் அரசுப் பள்ளி இருந்தால் தனியார் இடத்துக்கு அரசு பணம் தராது என்று 2018-19-ல் விதியை மாற்றியது. மகாராஷ்டிரம் 2024-ல் அதே போல் செய்யப் பார்த்தது, பம்பாய் உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. இப்படி வாசலை மூடுவதால் மட்டும் அரசுப் பள்ளி நன்றாகிவிடும் என்று எனக்குத் தோன்றவில்லை.

தமிழ்நாட்டில் 2025-ல் நடந்ததையும் சொல்ல வேண்டும். ஆர்.டி.இ.க்கான மத்திய அரசின் பங்கு 'சமக்ர சிக்ஷா' என்ற பள்ளிக் கல்வித் திட்டம் வழியாகத்தான் வருகிறது. தேசியக் கல்விக் கொள்கைத் தகராறில் மத்திய அரசு அந்த நிதியை நிறுத்தியது. மாநில அரசு ஆர்.டி.இ. சேர்க்கையைத் தொடங்கவில்லை. ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம், மத்திய அரசு ஆர்.டி.இ. பங்கைத் தனியாகப் பிரித்துத் தருவதைப் பரிசீலிக்க வேண்டும், மாநிலமும் நிதி வரவில்லை என்று கையை விரிக்க முடியாது என்றது. கடைசியில் அக்டோபரில்தான் சேர்க்கை நடந்தது, அதுவும் ஏற்கெனவே பணம் கட்டித் தனியார் பள்ளியில் சேர்ந்திருந்த பிள்ளைகளில் இருந்து. கட்டிய பணத்தைத் திருப்பித் தரச் சொன்னார்கள். ஜூனில் கட்டப் பணமே இல்லாத குடும்பம் அந்த வருடம் வரிசையிலேயே இல்லை. யாருக்காகச் சட்டம் வந்ததோ அவர்கள்தான் முதலில் விடுபட்டார்கள்.

வால்பாறை எஸ்டேட் தொழிலாளர் லயன் வீடுகளிலும் கொல்லிமலைச் சிற்றூர்களிலும் இந்த 25 சதவீதத்தால் பலன் மிகக் குறைவு. ஒரு கிலோமீட்டருக்குள் தனியார் பள்ளி இருந்தால்தானே இடம்? அங்கே பிள்ளைக்கு இருப்பது அரசுப் பள்ளி ஒன்றுதான். அதனால் தகுதி இருந்தால் ஆர்.டி.இ. இடத்துக்கு விண்ணப்பியுங்கள், அது உங்கள் உரிமை. கூடவே, எண்ணிக்கை குறைந்தாலும் வகுப்புக்கு ஒரு ஆசிரியர் என்று விதியை மாற்றக் கேளுங்கள். கேட்பதற்கு இடம் இருக்கிறது. ஒவ்வொரு அரசுப் பள்ளியிலும் பள்ளி மேலாண்மைக் குழு உண்டு, அதில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர், பாதிப் பேர் பெண்கள் என்று சட்டமே சொல்கிறது. ஜூலைக் கூட்டத்திலேயே ஆசிரியர் பணியிடம் பற்றித் தீர்மானம் எழுதி, எல்லோரும் கையெழுத்துப் போட்டு, ஆகஸ்ட் 1-க்கு முன்னால் வட்டாரக் கல்வி அலுவலரிடம் கொடுத்துவிட்டு, நகலில் தேதியோடு ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள்.